எத்தனை யூனிட் ரத்தம் வேண்டும்?

இரைப்பையில் புற்றுநோய் என்று பயாப்சி சொல்லி, அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டால், குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எத்தனை யூனிட் ரத்தம் ரெடி பண்ணணும் டாக்டர்?" என்பது. அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என எந்தப் பகுதி மருத்துவமனைக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். மருமகன் அலுவலக நண்பர்களை அழைப்பார். கல்லூரிக்குப் போகும் பேரன் வாட்ஸப் குழுக்களில் 'ஓ பாசிட்டிவ் அவசரம்' என்று செய்தி போடுவான். அந்த அக்கறையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஹீமோகுளோபின் ஏன் இவ்வளவு குறைஞ்சிருக்கு? இன்னிக்கே அதைச் சரிபண்ண என்ன வழி?"

முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு மருத்துவ உலகம் வந்து சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. எப்படி வந்து சேர்ந்தது, வந்த வழியில் எவையெல்லாம் தெளிந்தன, எவை இன்னும் தெளியவில்லை என்பதைப் பார்ப்போம்.

சொட்டுச் சொட்டாக ஓர் இழப்பு

இரைப்பைப் புற்று வலியோடு மட்டுமல்ல, சோர்வோடும் வரும். உள்சுவரில் புண்ணாகிவிட்ட கட்டியிலிருந்து தினமும் கொஞ்சம் ரத்தம் கசியும். அது மலத்தைக் கறுப்பாக்கும் அளவுக்குக்கூட இருக்காது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாளுக்கு 10 மில்லிலிட்டர் கசிந்தால் 5 மில்லிகிராம் இரும்பு போகிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்வதோ நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். வரவைவிடச் செலவு பெரிது. சில மாதங்களில் சேமிப்பு தீர்ந்து ஹீமோகுளோபின் சரியத் தொடங்கும்.

இதோடு இன்னும் இரண்டு தடைகள் சேர்கின்றன. காய்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் ஏற்கும் வடிவத்துக்குக் கொண்டுவர இரைப்பையின் அமிலம் வேண்டும். நோயுற்ற இரைப்பையில் அமிலம் குறைந்திருக்கலாம். புற்றுநோய் தூண்டும் அழற்சியால் கல்லீரல் 'ஹெப்சிடின்' என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது குடல் இரும்பை உள்ளே விடுவதையும் தடுக்கிறது, சேமிப்பில் உள்ள இரும்பு வெளிவருவதையும் தடுக்கிறது. இந்த நிலையில் இரும்பு மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் பலன் மெதுவாகத்தான் வரும், சிலருக்கு வராமலே போகும்.

நம் ஊர் நிலவரத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. நோய் வருவதற்கு முன்பே குறைந்த இருப்போடு வாழ்ந்தவர்கள் இவர்கள். நெஞ்செரிச்சலுக்கு மருந்துக் கடையில் நாமாகவே வாங்கி விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரைகள் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. ஆரம்ப நிலைப் புற்றுப் புண்ணின் தொந்தரவையும் அவை தணித்துவிடக்கூடும். எண்டோஸ்கோபிக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குக் காரணம் தெரியாமல் ஹீமோகுளோபின் குறைந்தால், சத்து டானிக் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் இரைப்பையையும் பெருங்குடலையும் உள்ளே பார்த்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

கத்தி முந்தியது, ரத்தம் பிந்தியது

இரைப்பைப் புற்றை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் அறுவை சிகிச்சை 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் நடந்தது. செய்தவர் தியோடர் பில்ராத். அந்தப் பெண் அறுவையிலிருந்து மீண்டார். ஆனால் நோய் பரவியிருந்ததால் சில மாதங்களில் இறந்தார். மனித ரத்தத்தில் வகைகள் இருப்பதை கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்து வெளியிட்டது 1901இல். ஆக, இரைப்பை அறுவை பிறந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் ஒருவரின் ரத்தத்தை இன்னொருவருக்குப் பொருத்தம் பார்த்து ஏற்றும் அறிவே பிறந்தது. 1914 வாக்கில் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் ரத்தம் உறையாமல் நிற்கும் என்று தெரிந்தது. 1937இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் தொடங்கிய சேமிப்பகத்துக்கு 'ரத்த வங்கி' என்று பெயர் வைத்தார்.

ரத்தம் கையிருப்பில் இருந்தது அறுவை மருத்துவர்களுக்குத் துணிவைத் தந்தது. இரைப்பைக்கு நாலாபுறமும் தமனிகள் வருகின்றன. மண்ணீரலும் கணையமும் அதை ஒட்டிக் கிடக்கின்றன. கட்டியோடு சேர்த்து, பெரிய தமனிகளைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் துப்புரவாக எடுப்பதுதான் இன்றைய தரமான அறுவை. நோயை விட்டுவைக்காத அறுவைக்குப் பொறுமையும் கைத்திறனும் வேண்டும். ரத்த இழப்பும் அதில் ஓரளவு தவிர்க்க முடியாதது.

சென்னையில் இந்தக் கதை அடையாறில் வேர்விடுகிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும், மயிலாப்பூரில் பிறந்து 1955இல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் வி.சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 2021 ஜனவரியில் மறையும் வரை சாந்தா அந்த வளாகத்தைவிட்டுப் போகவில்லை. இந்த அத்தியாயத்துக்கு அந்த நிறுவனம் முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடையாறு மருத்துவமனை தொடங்கிய காலத்தில் உலகெங்கும் அறுவை அரங்குகளில் ஒரு விதி நிலவியது: ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தம் ஏற்று. 1942இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்ன ஆலோசனை அது. ஒப்பிட்டுச் சோதித்துப் பெற்ற முடிவு அல்ல. ஆனாலும் அரை நூற்றாண்டு காலம் அது கேள்வி கேட்கப்படாமல் கோலோச்சியது.

சிறுநீரகம் எழுப்பிய ஐயம்

1973இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கெர்ஹார்ட் ஓபெல்ஸும் சகாக்களும் எதிர்பாராத ஒன்றைக் கவனித்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதற்கு முன்பு ரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடலில் புதிய சிறுநீரகம் அதிக நாள் தாக்குப்பிடித்தது. பிறர் ரத்தம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பாற்றல் சற்று அடங்குகிறது, அதனால் அந்நிய உறுப்பை அது தாக்குவதில்லை என்று விளக்கம் பிறந்தது. சிறுநீரக நோயாளிக்கு அது நற்செய்தி. புற்றுநோயாளிக்கு? வெட்டியெடுத்த பின்னும் உடலில் ஒளிந்திருக்கக்கூடிய சில புற்றணுக்களைத் தேடி அழிக்க வேண்டியது அதே எதிர்ப்பாற்றல்தானே?

1982இல் பரோஸ், டார்ட்டர் என்ற நியூயார்க் மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் பதில்போல ஒன்றை வெளியிட்டார்கள். பெருங்குடல் புற்றுக்கு அறுவை செய்துகொண்டவர்களில், ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. அதன் பிறகு உலகின் பல மருத்துவமனைகள் தங்கள் பழைய கோப்புகளைப் புரட்டத் தொடங்கின. இரைப்பைப் புற்றைப் பொறுத்தவரை 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. 9,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. ரத்தம் பெற்றவர்களிடையே இறப்புக்கான வாய்ப்பு விகிதம், பெறாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

இதைப் படிக்கும் எவருக்கும் அச்சம் வரும். வீட்டில் ஒருவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் அதிகமாக வரும். ஆகவே அடுத்த பகுதியை நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

படகும் வெள்ளமும்

2015 டிசம்பரில் அடையாறு ஆறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்தில் மீட்புப் படகுகள் வந்தன. படகு வந்த தெருக்களையும் வராத தெருக்களையும் ஒப்பிட்டு ஒருவர் கணக்கெடுத்தால், படகு வந்த தெருக்களில்தான் வீடுகள் அதிகம் சேதமடைந்திருக்கும். படகா வீட்டை இடித்தது?

ரத்தம் ஏற்றப்படுவது யாருக்கு? கட்டி பெரிதாக இருப்பவருக்கு. நோய் முற்றியவருக்கு. ஏற்கெனவே ரத்தசோகையால் வாடியவருக்கு. வயதானவருக்கு. இரைப்பை முழுவதையும் எடுக்க நேர்ந்தவருக்கு. இவை ஒவ்வொன்றும் தனியாகவே ஆயுளைக் குறைக்கக்கூடியவை. பழைய கோப்புகளைப் புரட்டும் ஆய்வு இவற்றையெல்லாம் கணித முறையில் கழித்துப் பார்க்க முயலும். ஆனால் கோப்பில் எழுதப்படாததைக் கழிக்க முடியாது. அறுவை அரங்கில் கட்டி எவ்வளவு இறுக ஒட்டியிருந்தது, நோயாளி எவ்வளவு தளர்ந்திருந்தார் என்பதெல்லாம் எண்களாக மாறுவதில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க நல்ல வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிப்பது. நெதர்லாந்தில் பெருங்குடல் புற்று நோயாளிகளிடம் அப்படி ஒரு சோதனை நடந்து 1993இல் வெளிவந்தது. ஒரு குழுவினருக்கு, தேவைப்பட்டால் அவர்களிடமே முன்கூட்டி எடுத்துவைத்த சொந்த ரத்தம். இன்னொரு குழுவினருக்குப் பிறர் தந்த ரத்தம். பிறர் ரத்தம்தான் எதிரி என்றால் இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மாறாக, சொந்த ரத்தமோ பிறர் ரத்தமோ, ரத்தம் தேவைப்பட்டவர்களுக்கெல்லாம் நோய் திரும்பும் வாய்ப்பு கூடியிருந்தது. தேவைதான் அடையாளம், ஏற்றிய பை அல்ல என்று அந்த முடிவு சுட்டியது. வெள்ளை அணுக்களை வடிகட்டி நீக்கிய ரத்தம் கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று அதே நாட்டில் சோதித்து 1994இல் வெளியிட்டதும் வேறுபாடு காட்டவில்லை. ஆனால் அதே ஆண்டில் மியூனிக்கிலிருந்து வெளியான ஒரு சிறிய சோதனை, சொந்த ரத்தத்துக்குச் சாதகமாகப் பேசியது. பெருங்குடல் புற்றில் 36 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ரத்தம் ஏற்றுவதற்கும் நோய் திரும்புவதற்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் ரத்தம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்ற இடத்தில் நின்றது.

நானும் அங்கேதான் நிற்கிறேன். தொடர்பு உண்மை. அதில் பெரும்பகுதி நோயின் கடுமையிலிருந்து வருகிறது. ரத்தமே எதிர்ப்பாற்றலைச் சற்று அடக்கி ஒரு சிறு பங்கு சேர்க்கிறதா என்பது திறந்த கேள்வி. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஏற்றிய இரண்டு யூனிட் ரத்தம் அவர் ஆயுளைத் திருடிவிட்டது என்று யாராவது சொன்னால், நம்ப வேண்டாம்.

எப்போது ஏற்றலாம்?

காரணம் என்ன என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கையில், நடைமுறைக் கேள்வி ஒன்றுக்கு நல்ல விடைகள் வந்தன. ஹீமோகுளோபின் எவ்வளவு இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டும்?

கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரிடம் நடந்து 1999இல் வெளியான சோதனையில், 7 கிராம் வரை பொறுத்திருந்து ஏற்றியது, 10 கிராமிலேயே ஏற்றியதைவிட எந்த வகையிலும் மோசமாகவில்லை. இரைப்பைக்கு இன்னும் நெருக்கமானது பார்சிலோனாவில் நடந்து 2013இல் வெளியான சோதனை. இரைப்பை, உணவுக்குழாய்ப் பகுதியில் ரத்தக்கசிவோடு வந்த 921 பேரில், 7 கிராமுக்குக் கீழே போனபோது மட்டும் ரத்தம் பெற்றவர்களில் 95 விழுக்காட்டினர் ஆறு வாரம் கழித்து உயிரோடு இருந்தார்கள். 9 கிராமிலேயே ரத்தம் பெற்றவர்களில் 91 விழுக்காட்டினர். பீறிட்டு ரத்தம் கொட்டியவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு ரத்தம் உடனே வேண்டும், எண்ணைப் பார்த்துக் காத்திருக்க முடியாது.

இந்த இடத்தில் 'குறைவாகக் கொடுப்பதே எப்போதும் நல்லது' என்று முடித்துவிடத் தோன்றும். சாவ் பாவ்லோவில் இருந்து 2015இல் வந்த சோதனை அதைத் தடுக்கிறது. வயிற்றுப் புற்றுக்குப் பெரிய அறுவை முடிந்து ஐ.சி.யூ.வில் இருந்த 198 பேரில், 7 கிராம் வரை காத்திருந்த குழுவில் நூற்றுக்கு 36 பேருக்குக் கடுமையான சிக்கல்களோ இறப்போ நேர்ந்தது. 9 கிராமிலேயே ரத்தம் பெற்ற குழுவில் நூற்றுக்கு 20 பேருக்கு. புற்றுநோயால் மெலிந்த உடல், பெரிய அறுவையைத் தாண்டும்போது, ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் திறன் வேறு.

ஆகவே ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது. இதய நோய் உண்டா, மூச்சு வாங்குகிறதா, ரத்த அழுத்தம் நிற்கிறதா, கசிவு நின்றுவிட்டதா என்று ஆளைப் பார்த்து முடிவெடுப்பதே மருத்துவம். ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராம் ஏறும். ஒன்றை ஏற்றிவிட்டு, நோயாளியைப் பார்த்து, மறுபடி அளந்து, பிறகு அடுத்ததைப் பற்றி யோசிப்பது நல்ல பழக்கம். 'ரெண்டு யூனிட்' என்று வழக்கமாக எழுதிவிடுவது அந்த யோசனையைத் தவிர்த்துவிடுகிறது.

கைவசம் இருக்கும் வாரங்கள்

ரத்தம் குற்றவாளியா இல்லையா என்ற வழக்கு எப்படி முடிந்தாலும், இருதரப்புக்கும் பொதுவான ஓர் உண்மை இருக்கிறது. ரத்தசோகையோடு அறுவை அரங்குக்குள் போவது நல்லதல்ல.

இன்று இரைப்பைப் புற்றுக்குப் பெரும்பாலும் முதலில் கீமோ, பிறகு அறுவை. ஜெர்மனியில் 716 பேரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனை, நான்கு மருந்துகள் சேர்ந்த புதிய கீமோ முறையில் இடைநிலை ஆயுள் 35 மாதத்திலிருந்து 50 மாதமாக உயர்ந்ததைக் காட்டியது. அந்த முறையில் அறுவைக்கு முன் இரண்டு வாரத்துக்கொன்றாக நான்கு சுற்றுகள், அதாவது ஏறத்தாழ இரண்டு மாதம். கீமோ ஹீமோகுளோபினைக் கொஞ்சம் இறக்கும் என்பது உண்மை. ஆனாலும் இரும்பு, பி12, ஃபோலிக் அமிலக் குறைபாட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய அந்த இரண்டு மாதம் ஒரு நல்ல வாய்ப்பு. மாத்திரை எடுபடாதவர்களுக்கு நரம்பு வழி இரும்பு மருந்து இருக்கிறது.

இரும்பு மருந்து எந்த அளவுக்கு உதவும்? பிரிட்டனில் பெரிய வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 487 பேரிடம் நடந்து 2020இல் வந்த சோதனையில், அறுவைக்குச் சில வாரம் முன்பு நரம்பு வழியாக இரும்பு கொடுத்தது ரத்தம் ஏற்றும் தேவையையோ இறப்பையோ குறைக்கவில்லை. ஆனால் அறுவைக்குப் பின் ஹீமோகுளோபின் நன்றாக மீண்டது. மருத்துவமனைக்குத் திரும்ப வர நேர்ந்தவர்களும் குறைந்தார்கள். தென்கொரியாவில் இரைப்பை அறுவைக்குப் பிறகு ஹீமோகுளோபின் 7க்கும் 10க்கும் இடையே இருந்த 454 பேரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனை இன்னும் தெளிவாகப் பேசியது. பன்னிரண்டு வாரத்தில், இரும்பு மருந்து பெற்றவர்களில் 92 விழுக்காட்டினரின் ரத்தம் தேறியது. பெறாதவர்களில் 54 விழுக்காட்டினருக்குத்தான் தேறியது. 8 கிராமில் வீடு திரும்பும் நோயாளிக்கு, இன்னொரு யூனிட் ரத்தத்துக்குப் பதிலாகத் தரக்கூடிய மருந்து ஒன்று இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அறுவையோடு கதை முடிவதுமில்லை. இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டால் பி12 வைட்டமினை உறிஞ்சத் துணைபுரியும் புரதம் உடலில் சுரக்காது; ஆயுள் முழுக்க பி12 ஊசி வேண்டும். இரும்பும் சரியாக ஏறாது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

ஐந்து ஆண்டுகளை எண்ணுபவர்கள்

உயிர்வாழ்வு பற்றி இவ்வளவு பேசினோமே, ஒருவர் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருக்கிறார் என்பது எப்படித் தெரிகிறது? யாராவது தேடிப்போய்க் கேட்டால்தான் தெரியும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றி நான் மறுபடி பேசுவதாகச் சொன்னது இதற்காகத்தான். அங்கிருந்து இயங்கும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் மாநகரவாசிகளின் புற்றுநோய் விவரங்களைச் சேகரித்து வருகிறது. பணியாளர்கள் அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று கோப்புகளைப் பார்க்கிறார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருவதும், மும்பை, டெல்லியைவிட இங்கே அது அதிகம் என்பதும் இந்த உழைப்பால்தான் நமக்குத் தெரியும்.

உலகளவில் உயிர்வாழ்வை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், இரைப்பைப் புற்று வந்தவர்களில் ஐந்து ஆண்டு வாழ்வோர் தென்கொரியாவிலும் ஜப்பானிலும் நூற்றுக்கு அறுபது அல்லது அதற்கு மேல். இந்தியப் பதிவேடுகள் காட்டியது பத்துக்கும் குறைவு. இந்தப் பள்ளத்தை ரத்தப் பையின் எண்ணிக்கை விளக்காது. தென்கொரியாவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசே இரண்டு ஆண்டுக்கொரு முறை இரைப்பைப் பரிசோதனைக்கு வழிசெய்கிறது. நோய் சிறியதாக இருக்கும்போதே பிடிபடுகிறது. சிறிய கட்டி கசியும் ரத்தமும் குறைவு, அதை எடுக்கும்போது இழக்கும் ரத்தமும் குறைவு.

கொடையின் மதிப்பு

இவற்றையெல்லாம் படித்துவிட்டு ரத்த தானத்தில் யாருக்காவது ஆர்வம் குறைந்தால் அது இந்த அத்தியாயத்தின் தோல்வி. அறுவை அரங்கில் ஒரு தமனி நழுவினால் உயிரைக் காப்பது தயாராக இருக்கும் அந்தப் பைகள்தான். அவற்றை இன்றைய அளவுக்குப் பாதுகாப்பாக்கியதில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்த நகரில்தான் கண்டறிந்தார்கள். அதன் பின் ரத்தத்தைச் சோதிப்பது கட்டாயமாயிற்று. 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் விற்பது நாடெங்கும் முடிவுக்கு வந்தது. தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் உள்ளதைப் போன்ற ரத்த வங்கிகள் தன்னார்வக் கொடையாளர்களை நம்பி நடக்கின்றன. 18 வயதைக் கடந்து, 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமானவர், ஆண் என்றால் மூன்று மாதத்துக்கொரு முறையும் பெண் என்றால் நான்கு மாதத்துக்கொரு முறையும் கொடுக்கலாம். அவசரச் செய்தி வந்த பிறகு ஓடுவதைவிட, அவசரம் எதுவும் இல்லாத நாளில் போய்க் கொடுப்பது ரத்த வங்கிக்கு அதிகம் உதவும்.

கொடையாக வந்த பொருள் என்பதால்தான் அதைக் கணக்காகச் செலவிட வேண்டும் என்று சொல்கிறேன். இரைப்பைப் புற்று என்று தெரிந்த அன்றே ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 மூன்றையும் பாருங்கள். குறைந்திருந்தால் சிகிச்சையை அன்றே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். அறுவைக்கு முன் ரத்தசோகைக்கு என்ன செய்யப் போகிறோம், ரத்தம் ஏற்றினால் எந்த அளவில் ஏற்றுவோம், வீடு திரும்பிய பிறகு எப்போது மறுபடி சோதிப்போம் என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அறுவையின்போது மருத்துவர் ரத்தம் வேண்டும் என்றால், ஒரு நொடியும் தயங்காமல் சம்மதியுங்கள்.